பழைய காரின் ஸ்டீயரிங் சக்கரத்தை உடையாமல் கழற்றுவது எப்படி? ஹார்ன் பொத்தான் முதல் குடம் வரை முழு வழிகாட்டி

பழைய ஸ்டீயரிங் சக்கரத்தில் ஒரு பாகம் உடைகிறது என்றால், எஃகு தாங்க வேண்டிய விசையை அங்கே பிளாஸ்டிக்கோ, மரமோ, துத்தநாக வார்ப்போ தாங்கியிருக்கிறது என்று பொருள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த விசையை எஃகின் மேல் திருப்பிவிடுவதற்காகவே இந்த வரிசையில் அமைந்தவை. ஒரு படியைத் தாண்டிப் போனால், அடுத்த படியில் ஏதோ ஒன்று விரிசல் விடும்.

ஏறக்குறைய 1920-களிலிருந்து 1970-கள் வரையிலான கார்களுக்கு இந்த முறை பொருந்தும். காற்றுப்பை பொருத்திய சக்கரத்துக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். அதில் வெடிப்பொருள் இருக்கிறது. அதைக் கழற்றும் முறையே வேறு.

சில சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். கையால் பிடிக்கும் வட்டம் வெளிவளையம். அதை நடுப்பகுதியோடு இணைப்பவை ஆரக்கால்கள். தண்டின் மேல் அமரும் நடுப்பகுதி குடம்.

1. கையில் இருப்பது என்ன பொருள் என்று கண்டறியுங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. எந்த எண்ணெய் படலாம், எவ்வளவு சூடு கொடுக்கலாம், எதைக் கொண்டு துடைக்கலாம் என்ற எல்லாமே பொருளைப் பொறுத்தவை. புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான்.

கட்டை விரலால் மறைவான ஓர் இடத்தைச் சூடேறும் வரை தேய்த்து, உடனே முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் அது கடின ரப்பர். கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்டு. கார்பாலிக் போன்ற மருந்து வாடை பேக்கலைட்டைக் காட்டும். புளித்த காடி வாடை வந்தால், செல்லுலோஸ் அசிடேட் வகைப் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். கெட்டுப்போன வெண்ணெய் வாடை செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட்டுக்கு உரியது. 1930-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க கார்களின் வெளிவளையங்களில் டெனைட் என்ற பெயரில் வந்தது இதுதான்.

சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையைச் செய்யாதீர்கள். செல்லுலாய்டு என்பது செல்லுலோஸ் நைட்ரேட். அது சட்டென்று தீப்பற்றும். பற்றியதை அணைப்பதும் கடினம். கற்பூர வாடை வந்த சக்கரத்தின் அருகே ஹீட் கன், சாலிடரிங் அயர்ன், தீப்பொறி பறக்கும் அறுப்பு வேலை எதுவும் கூடாது.

அசிட்டோன், செல்லுலாய்டையும் செல்லுலோஸ் அசிடேட்டையும் கரைத்துவிடும். தின்னர் வகைகளும் அப்படியே என்று எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கலைட் சூட்டில் இளகாது. வளைத்தால் வளையாமல் நேரே முறியும். கடின ரப்பர் வெயிலில் வெளுத்துப் பழுப்பாகவோ பச்சை கலந்த பழுப்பாகவோ மாறியிருந்தால், அதன் மேற்பரப்பில் கந்தக அமிலம் உருவாகியிருக்கிறது என்று பொருள். அதை ஈரத்துணியால் துடைத்தாலே நிறம் மேலும் கெடும். ஆகவே வெறும் உலர்ந்த துணி போதும்.

விரிசல் ஏன் எப்போதும் ஆரக்கால் சேரும் இடத்தில் தொடங்குகிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பிளாஸ்டிக்கின் உள்ளே எஃகு கம்பி வளையம் இருக்கிறது. ஆண்டுகள் போகப் போக, பிளாஸ்டிக்கை நெகிழ்வாக வைத்திருந்த சேர்மானங்கள் வெளியேறி அது சுருங்குகிறது. உள்ளே இருக்கும் எஃகு சுருங்குவதில்லை. அதனால் வெளியுறை முழுவதும் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது; வடிவம் மாறுகிற மூலையில்தான் அது முதலில் பிளக்கும். பார்வைக்கு முழுசாக இருக்கும் வெளிவளையம்கூட இந்த நிலையில்தான் இருக்கும். அதன் மேல் உங்கள் கை கொடுக்கும் சிறு வளைவுகூடப் புது விரிசலுக்குப் போதும்.

2. முன்னேற்பாடும் கருவிகளும்

அந்தக் காரின் அந்த ஆண்டுக்குரிய பழுதுபார்ப்புக் கையேட்டையோ, பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தையோ தேடி எடுங்கள். ஒரே மாடலில்கூட ஓர் ஆண்டு திருகு, அடுத்த ஆண்டு கவ்வி என்று மாறியிருக்கும். இன்னொருவர் வேறு ஆண்டுக் காரில் செய்த முறையை நம்பி இழுப்பதால் வீணான ஹார்ன் பொத்தான்கள் ஏராளம்.

திருப்புளியின் முனை திருகின் பள்ளத்தை முழு அகலத்துக்கும் நிரப்ப வேண்டும். குறுகிய முனை பள்ளத்தின் ஓரத்தைச் சிதைத்துவிட்டு வழுக்கும். வழுக்கிய முனை நேராகப் பளபளப்பான முலாமில் கோடு போடும். ஜப்பானியக் கார்களில் இருக்கும் கூட்டல் வடிவத் தலைகள் ஜிஸ் (JIS) என்ற ஜப்பானியத் தொழில் தரத்துக்குரியவை. அவற்றில் சாதாரண பிலிப்ஸ் முனை மேலே ஏறி நழுவும். ஜிஸ் முனையையே வாங்குங்கள். பழைய பிரிட்டிஷ் கார்களின் மின் பாகங்களில் பிஏ (BA) என்ற பழைய பிரிட்டிஷ் அளவுத் திருகுகள் இருக்கும். மெட்ரிக் ஸ்பேனர் பொருந்துவதுபோல் தோன்றினாலும் தலையை உருட்டிவிடும்.

இவை தவிரத் தேவையானவை: நெம்புவதற்கு நைலான் அல்லது மரப் பட்டைகள், ரப்பர் உறிஞ்சு கிண்ணம், மீன்பிடி நரம்பு, குடத்தில் திருகிப் பொருத்தும் வகைப் புல்லர் (குடத்தைத் தண்டிலிருந்து இழுத்தெடுக்கும் கருவி), இரண்டு பாதியாகப் பிரியும் புல்லர் தட்டு, நீண்ட கைப்பிடிச் சாக்கெட், துரு இளக்கும் எண்ணெய், அதைத் துளித்துளியாக விட ஓர் ஊசிக்குழல், அறை அறையாகப் பிரித்த பெட்டி, கண்களைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. பாதுகாப்புக் கண்ணாடியைத் தவிர்க்காதீர்கள்; ஹார்ன் ஸ்பிரிங் முகத்தை நோக்கித்தான் தெறிக்கும்.

அறை வெப்பநிலை 20 முதல் 25 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். குளிரில் பழைய பிளாஸ்டிக் இன்னும் விறைக்கும். குளிர்ந்த கொட்டகையில் நின்றிருந்த காரை உள்ளே கொண்டுவந்து ஓர் இரவு விட்டுவைத்து, மறுநாள் தொடங்குங்கள். அவசரமாகச் சூடேற்றினால் மேற்பரப்பு விரியும், உள்ளே இருக்கும் எஃகு குளிர்ந்தே இருக்கும். அந்த வேறுபாடே விரிசலாகும்.

ஒவ்வொரு பாகத்தையும் எடுப்பதற்கு முன்பும் பின்பும் புகைப்படம் எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கவாட்டுப் படம் இல்லாவிட்டால், வாஷர்களின் அடுக்கு வரிசையைப் பிறகு மீட்க முடியாது.

3. பேட்டரி, சக்கரங்களின் நிலை, இண்டிகேட்டர்

பேட்டரியில் எர்த் இணைப்பை முதலில் கழற்றுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்மின் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். ஆகவே அடையாளக்குறியைப் பார்க்காமல், வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். உடலில் போய்ச் சேருவதுதான் எர்த். எர்த் முதலில் விலகிவிட்டால், மறுமுனையைக் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டாலும் தீப்பொறி வராது. ஹார்ன் சுற்று பல கார்களில் சாவி போடாமலேயே உயிருடன் இருக்கும் என்பதால் சாவியை எடுத்துவிட்டது போதாது.

முன்சக்கரங்களை நேராக நிறுத்துங்கள். இண்டிகேட்டர் நெம்புகோலை நடுநிலையில் வையுங்கள். இதை மறந்தால் என்ன ஆகும்? வளைவு முடிந்ததும் இண்டிகேட்டரைத் திரும்ப வைக்கும் நாக்கு, குடத்தின் அடிப்பகுதியில் இருக்கும் வளையத்தோடு சிக்கிக்கொண்டிருக்கும். குடத்தை இழுக்கும்போது அந்த நாக்கு முறியும். வோக்ஸ்வேகன் பீட்டில் காரில் இது மிகவும் வழக்கமான சேதம். சக்கரத்தைத் திரும்பப் பொருத்தும்போதும் இதே விதிதான்.

ஸ்டீயரிங் பூட்டு உள்ள காராக இருந்தால் அதைப் போடாதீர்கள். நட்டைத் தளர்த்தும்போது பூட்டைத் தாங்குபொருளாகப் பயன்படுத்தினால் பூட்டின் முளை உடைந்துவிடும்.

4. ஹார்ன் பொத்தான் எப்படிப் பிடித்திருக்கிறது?

நெம்பும் பட்டையை எடுக்கும் முன் ஆரக்கால்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு சிறு கண்ணாடியும் விளக்கும் போதும். பொத்தானைப் பிடித்திருக்கும் திருகுகள் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும். முன்னாலிருந்து நெம்புகிறவர்கள், திருகு இறுகப் பிடித்திருக்கும் பொத்தானையே நெம்பி உடைக்கிறார்கள்.

அழுத்தித் திருப்பும் வகை: 1940, 50-களின் பல அமெரிக்கக் கார்களில் இது உண்டு. உள்ளங்கையை முழுவதும் பொத்தானின் மேல் பரப்பி, நேராக அழுத்தி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். விரல் நுனியால் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினால் பொத்தான் சாய்ந்து, அடியிலுள்ள மூன்று பற்களில் ஒன்றின் மேல் முழு விசையும் விழும். அசையவில்லை என்றால் அழுத்தும் ஆழம் போதவில்லை என்றுதான் முதலில் எண்ண வேண்டும். திருப்பும் விசையைக் கூட்டாதீர்கள். பூட்டு விட்டதும் ஸ்பிரிங் மேலே தள்ளும். மற்றொரு கையால் மூடிப் பிடித்தபடியே எடுங்கள்.

பின்திருகு வகை: திருகுகளை எல்லாம் சமமாக, ஒவ்வொன்றாகக் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால், ஸ்பிரிங்கின் தள்ளல் மீதமுள்ள திருகைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் காதின் மேல் விழும்.

பக்கத் திருகு வகை: குடத்தின் பக்கவாட்டில் தலையில்லாச் சிறு திருகுகள் மூன்று இருக்கும். பெயின்ட் மூடியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. விரல் நகத்தால் குடத்தைச் சுற்றித் தடவினால் தட்டுப்படும். பள்ளத்திலுள்ள பெயின்டைக் கூர்மையான மரக்குச்சியால் சுத்தம் செய்த பிறகே திருப்புளியை வையுங்கள். இவற்றை முழுவதும் வெளியே எடுக்க வேண்டியதில்லை. இரண்டு, மூன்று சுற்று தளர்த்தினாலே மையம் விடுபடும். முழுவதும் எடுத்தால் தொலைவதுதான் மிச்சம்.

கவ்விப் பொருந்தும் வகை: ரப்பர் வளையமோ எஃகுக் கவ்வியோ பொத்தானைப் பிடித்திருக்கும். குடத்தின் பின்புறம் துளை இருந்தால் மரக்குச்சியால் அங்கிருந்து தள்ளுவதே சிறந்தது. இல்லையென்றால் மீன்பிடி நரம்பைப் பொத்தானின் அடியில் சுற்றிலும் நுழைத்து, இரு முனைகளையும் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். விசை சுற்றளவு முழுவதும் பரவும். உறிஞ்சு கிண்ணத்தைப் பளபளப்பான, விரிசலில்லாத பொத்தானில் மட்டும் பயன்படுத்தலாம். மேற்பரப்பில் சிலந்தி வலைபோல் நுண்விரிசல் தெரிந்தால் வேண்டாம். மேலடுக்கு மட்டும் கையோடு வந்துவிடும்.

குழாய் வழியாக வயர் போகும் வகை: 1930 முதல் 50-கள் வரையிலான பல பிரிட்டிஷ் கார்களில், சக்கரத்தின் நடுவில் ஹார்னும் இண்டிகேட்டரும் சேர்ந்த ஒரு தலைப்பகுதி இருக்கும். அதன் வயர்கள் தண்டின் நடுவே போகும் மெல்லிய குழாய்க்குள் இறங்கி, ஸ்டீயரிங் பெட்டியின் அடியில் வெளியே வரும். இதை மேலிருந்து இழுக்கவே கூடாது.

கீழே போய் வயர் இணைப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, நிறத்தையும் இடத்தையும் எழுதி ஒட்டுங்கள். முனைகளைப் பக்கவாட்டில் அடுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து டேப் சுற்றி, அதில் ஒரு வலுவான நூலைக் கட்டுங்கள். பெட்டியின் அடியிலுள்ள நட்டைத் தளர்த்தினால் எண்ணெய் வடியும். ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் கீழிருந்து வயரை ஊட்ட, இன்னொருவர் மேலே தலைப்பகுதியைத் தூக்க வேண்டும். நூல் குழாய்க்குள்ளேயே நிற்கட்டும். புது வயரை அதைக் கொண்டே திரும்ப இழுக்கலாம். பழைய வயர்களின் ரப்பர் உறை தொட்டாலே உதிரும். அதை மீண்டும் பயன்படுத்த நினைக்காதீர்கள்.

இன்னும் பழைய கார்களில் பற்றவைப்பு நேரத்தையும் கைத் திராட்டிலையும் மாற்றும் சிறு நெம்புகோல்கள் நடுவில் இருக்கும். அவற்றின் கம்பிகளும் இப்படித்தான் தண்டுக்குள் இறங்குகின்றன. கீழ்முனைக் கவ்விகளை விடுவித்த பிறகே மேலே கை வையுங்கள்.

5. ஹார்ன் வளையமும் சின்னமும்

குரோமியம் முலாமிட்ட ஹார்ன் வளையத்தைப் பார்த்தால் எஃகு போலத் தெரியும். பெரும்பாலும் அது துத்தநாக வார்ப்பு. காந்தம் ஒட்டாவிட்டால் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். முலாமில் சிறு கொப்புளங்கள் இருந்தால் உலோகம் உள்ளுக்குள் அரிக்கப்பட்டிருக்கிறது. வார்ப்பில் ஈயம் போன்ற கலப்பு இருந்திருந்தால் உலோகமே மணல்போல உதிரும் நிலைக்கும் போயிருக்கலாம். இப்படிப்பட்ட வளையத்தை நேராக்க முயல வேண்டாம். வளைந்திருந்தால் வளைந்தபடியே எடுங்கள்.

துத்தநாகத்தில் இறங்கியிருக்கும் பித்தளை அல்லது எஃகுத் திருகுகள் காலப்போக்கில் அரிப்பால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசிக்குழலால் ஒரு துளி எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். சக்கரம் செல்லுலாய்டு அல்ல என்று உறுதியாகத் தெரிந்தால், சாலிடரிங் அயர்னின் முனையைத் திருகின் தலையில் சற்று நேரம் வைக்கலாம். சூடு திருகுக்கு மட்டும் போய், ஆறும்போது பிடி தளரும். எண்ணெய் முழுவதும் துடைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. திருகைத் தளர்த்தும்போது முதலில் இறுக்கும் திசையில் மிகச் சிறிது அசைத்துவிட்டு, பிறகு தளர்த்துங்கள்.

சின்னத்தின் பின்னால் இருக்கும் சிறு முளைகளை எஃகுத் தள்ளுகவ்விகள் பிடித்திருக்கும். முளை துத்தநாகம், கவ்வி எஃகு. இழுத்தால் தோற்பது முளைதான். கவ்வியை நுண்ணிய வெட்டுக்குறடால் ஓரத்தில் வெட்டிப் பிளந்து எடுங்கள். கவ்வி எளிதில் கிடைக்கும் பொருள், முளை அப்படியல்ல. வளைத்து மடித்த தகட்டு நாக்குகள் இருந்தால், எடுப்பதற்குப் போதுமான அளவு மட்டும் ஒரே ஒரு முறை நிமிர்த்துங்கள். திரும்பப் பொருத்தும் நாளில் இன்னொரு முறை மடிக்க வேண்டியிருக்கும். பழைய தகடு அதற்கு மேல் தாங்காது.

கண்ணாடிபோல் தெரியும் அக்ரிலிக் சின்னங்களில் வண்ணமும் எழுத்தும் பின்பக்கத்தில் தீட்டப்பட்டிருக்கும். முன்னால் தேங்கும் எந்தத் திரவமும் ஓரம் வழியாகப் பின்னால் ஊறும். ஆல்கஹால் கலந்த துடைப்பான்கள் அக்ரிலிக்கில் நுண்விரிசல்களையும் உண்டாக்கும். தூரிகையால் தூசியைத் தட்டி, உலர்ந்த மென்பஞ்சில் சுற்றி எடுத்து வையுங்கள். சுத்தம் செய்வது பிறகு நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை.

6. பொத்தானின் அடியில் இருக்கும் அடுக்கு

இங்கேதான் பாகங்கள் சிறியவை, வரிசை முக்கியமானது. கூம்பு வடிவ ஸ்பிரிங், தொடர்புக் கிண்ணம், பேக்கலைட் அல்லது நார்க்காகிதக் காப்பு வாஷர்கள், சிறு திருகுகளைச் சுற்றியிருக்கும் காப்புக் குழல்கள் ஆகியவை இருக்கும். ஒவ்வொன்றையும் எடுத்ததும் மேல்பக்கம் எது என்று குறித்து, ஒரு கம்பியில் எடுத்த வரிசையிலேயே கோத்து வையுங்கள்.

காரணம் இதுதான்: பல கார்களில் பொத்தானை அழுத்தும்போது சுற்று எர்த்தோடு சேர்ந்து ஹார்ன் ஒலிக்கிறது. ஒரு காப்பு வாஷர் இடம் மாறினாலோ, ஒரு காப்புக் குழல் தொலைந்தாலோ, பேட்டரியை இணைத்த உடனே ஹார்ன் நிற்காமல் ஒலிக்கும். அல்லது எப்போதும் ஒலிக்காது.

காப்பு வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தால் கத்தி முனையால் தூக்காதீர்கள். மெல்லிய நைலான் பட்டையை அடியில் நுழைத்துச் சுற்றி வாருங்கள். நார்க்காகித வாஷர் அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டால், அதன் தடிமனை அளந்து எழுதிவைத்து, அதே அளவில் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். அதைப் பற்றி வருந்த வேண்டாம்.

7. நட்டைத் தளர்த்துதல்

நட்டைத் தொடும் முன், தண்டின் முனையிலும் குடத்திலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு இழுங்கள். பெயின்ட் பேனாக் கோடு எண்ணெயில் அழியக்கூடும். உள்பக்கத்தில் கூர்முனையால் ஒரு சிறு கீறல் நிலைக்கும். தண்டில் பற்கள் வெட்டியிருக்கும் கார்களில் ஒரு பல் தள்ளிப் பொருத்தினாலும் ஆரக்கால்கள் கோணலாக நிற்கும். இண்டிகேட்டர் தவறான இடத்தில் திரும்பும்.

துரு இளக்கும் எண்ணெயை நட்டின் மரையில் மட்டும் ஊசிக்குழலால் விடுங்கள். சுற்றிலும் உறிஞ்சு காகிதத்தை வளையமாக வைத்து வழிவதைத் தடுங்கள். தெளிப்பான் டப்பாவை நேராகக் காட்டி அடித்தால், எண்ணெய் வெளிவளையத்தின் பழைய விரிசல்களில் நுழையும்; பிறகு அங்கே எந்த ஒட்டுப்பசையும், எந்த நிரப்புப் பொருளும் பிடிக்காது. சக்கரத்தைப் பழுதுபார்க்கும் கட்டத்தில்தான் இந்தச் சேதம் தெரியவரும். அப்போது சரிசெய்வது மிகவும் சிரமம்.

நட்டைச் சுழற்றும்போது சக்கரம் சேர்ந்து சுழலாமல் யாராவது பிடிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: உதவியாளர் வெளிவளையத்தைப் பிடிக்கக் கூடாது. குடத்துக்கு மிக அருகே, ஆரக்கால்களின் எஃகு வேரை இரு கைகளாலும் எதிரெதிராகப் பிடிக்க வேண்டும். வெளிவளையத்தில் பிடித்தால், நீங்கள் நட்டில் கொடுக்கும் முறுக்கு முழுவதும் ஆரக்கால் சேரும் அந்த இழுபட்ட மூலைகள் வழியாகவே போகும். வளையும் கம்பி ஆரக்கால்கள் கொண்ட பாஞ்சோ வகைச் சக்கரத்தில் இது இன்னும் ஆபத்து. கம்பி வளைந்து கொடுக்கும், அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வளையாது.

நட்டு இளகியதும் அதை முழுவதும் கழற்றாதீர்கள். தண்டில் சில மரைகள் பிடித்திருக்குமாறு விடுங்கள். குடம் திடீரென்று விடுபடும்போது முகத்தில் மோதாமல் தடுப்பதும், தண்டின் மரையைப் புல்லரின் முனையிலிருந்து காப்பதும் இந்த நட்டுதான்.

8. குடத்தைத் தண்டிலிருந்து இழுத்தல்

இந்த வேலையில் அதிகச் சக்கரங்கள் உடைவது இங்கேதான். புதியவர்கள் வெளிவளையத்தை இரு கைகளாலும் பிடித்து, முழங்கால்களை அடியில் கொடுத்து மாறி மாறி ஆட்டுவார்கள். புதிய சக்கரத்துக்கு அது சரியாக இருக்கலாம். அறுபது, எழுபது ஆண்டுகள் சுருங்கிய பிளாஸ்டிக்குக்கு அது மரண அடி.

குடத்தில் மரையிட்ட துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் புல்லரின் போல்ட்டுகள் அங்கேதான் இறங்க வேண்டும். அளவைச் சோதிக்காமல் திருகாதீர்கள். 1960-களின் பல ஜெனரல் மோட்டார்ஸ் சக்கரங்களில் துளை 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை; வேறு நிறுவனங்களின் சக்கரங்கள் வேறு அளவில் இருக்கும். போல்ட் கையால் குறைந்தது ஐந்தாறு சுற்று எளிதாக இறங்க வேண்டும்.

போல்ட்டின் நீளத்தையும் கவனியுங்கள். நீளம் அதிகமானால் அது குடத்தைத் துளைத்துக்கொண்டு அடியிலிருக்கும் இண்டிகேட்டர் சுவிட்ச்சில் போய் முட்டும். புல்லரை இறுக்க இறுக்கச் சுவிட்ச் நொறுங்கும். மேலே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. குடத்தின் தடிமனை அளந்து, போல்ட்டில் டேப் சுற்றி எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

துளைகள் இல்லாத குடத்துக்கு, இரண்டாகப் பிரியும் தட்டைக் குடத்தின் அடியில் கவ்வவிட்டு அதை இழுங்கள். புல்லரின் கொக்கிகளை ஆரக்கால்களுக்கு அடியில் மாட்டவே கூடாது. தட்டுக்கும் குடத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் உறை ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சில சக்கரங்களில் குடத்தின் அடிவரை பிளாஸ்டிக் இறங்கியிருக்கும். அப்படியானால் தட்டு எஃகைத் தொடும் இடம் கிடைக்கும் வரை இழுக்கத் தொடங்க வேண்டாம்.

தண்டின் முனைமேல் ஒரு பித்தளைத் துண்டை வைத்து, புல்லரின் நடுத்திருகை அதன்மேல் இறுக்குங்கள். உறுதியான இழுவிசை வந்ததும் நிறுத்துங்கள். அப்படியே விட்டுவிட்டு, எண்ணெய் ஒரு துளி விட்டு, வேறு வேலை பாருங்கள். திரும்பி வந்து கால் சுற்று. மீண்டும் காத்திருத்தல். கூம்பு வடிவத் தண்டில் அமர்ந்த குடம் பெரும்பாலும் யாரும் தொடாத நேரத்தில் தானே ‘டக்’ என்று விடும்.

சுத்தியலால் தண்டின் முனையில் அடிக்கலாமா என்று கேட்பார்கள். அடிக்காதீர்கள். பழைய கார்களில் அந்த அடி நேராக ஸ்டீயரிங் பெட்டியின் பேரிங்குகளுக்குப் போகிறது. மோதலில் சுருங்கும் தண்டு உள்ள கார்களிலோ நிலைமை இன்னும் மோசம். ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல்களிலிருந்து இத்தகைய தண்டைப் பொருத்தியது; அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அந்தத் தண்டின் இரு பகுதிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பவை சிறு பிளாஸ்டிக் முளைகள். சுத்தியல் அடியில் அவை அறுந்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது; ஓட்டுபவரின் உயிரைக் காக்க வேண்டிய பாகம் கெட்டுப்போயிருக்கும். இந்தக் கார்களில் புல்லரின் தலையைக்கூடத் தட்டாதீர்கள்.

சூடு தேவைப்பட்டால், 40 டிகிரி அளவுக்கு வெந்நீர் நிரப்பிய பையைக் குடத்தின் மேல் வையுங்கள். சுவாலை எந்தச் சக்கரத்துக்கும் வேண்டாம்.

குடம் விடுபட்டதும் நட்டைக் கழற்றி, இரு கைகளாலும் ஆரக்கால் வேரைப் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். தண்டில் அரைநிலா வடிவச் சாவிக்கட்டை (குடம் தண்டின் மேல் தனியே சுழலாமல் பிடிக்கும் சிறு உலோகத் துண்டு) இருக்கிறதா என்று உடனே பாருங்கள். அது கீழே விழுந்து தண்டு உறைக்குள் போய்விடும். சுற்றிலும் ஒரு துணியைத் திணித்துவிட்டுத் தூக்குவது நல்லது.

9. மரச் சக்கரமானால்

மர வெளிவளையத்தைப் பிடித்திருப்பவை ஆணிகளும் பசையும். ஈரம் மரத்தையும், எண்ணெய் பசையையும் கெடுக்கும். அலுமினிய ஆரக்கால் கொண்ட விளையாட்டு வகைச் சக்கரங்களில், வெளிவட்டத்தை மட்டும் குடத்திலிருந்து பிரிக்கச் சுற்றுத் திருகுகள் இருக்கும். அவற்றை எதிரெதிராக மாறி மாறித் தளர்த்தி, சக்கரத்தை முதலில் எடுத்துவிட்டு, குடத்தை மட்டும் தனியே புல்லரால் இழுங்கள். மரத்தில் விசையே படாது. இவ்வளவு எளிதான வழி இருக்கும்போது முழுச் சக்கரத்தோடு சேர்த்து இழுப்பதற்குக் காரணமே இல்லை.

10. கழற்றியவற்றை வைத்திருக்கும் முறை

சக்கரத்தைக் கொக்கியில் மாட்டாதீர்கள். அதன் முழு எடையும் வெளிவளையத்தின் ஒரே இடத்தில் தொங்கும். குடம் ஒரு கட்டையின் மேல் நிற்க, வெளிவளையம் எதையும் தொடாமல் இருக்குமாறு கிடையாக வையுங்கள்.

செல்லுலாய்டையும் கடின ரப்பரையும் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் மூடக் கூடாது. அவை வெளியிடும் அமில ஆவி உள்ளேயே தங்கிச் சிதைவை விரைவுபடுத்தும். கூடவே வைத்த முலாமிட்ட பாகங்களையும் அரிக்கும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில், குளிர்ந்த இடத்தில், மற்ற பாகங்களிலிருந்து தனியே வையுங்கள். மாஸ்கிங் டேப்பை நேரடியாக ஒட்டிப் பெயர் எழுதாதீர்கள். எடுக்கும்போது பழைய மெருகும் உரிந்து வரும். பெயர்ச்சீட்டை நூலால் கட்டுங்கள்.

உதிர்ந்த பிளாஸ்டிக் துண்டுகளை, எவ்வளவு சிறியதானாலும், எடுத்து வையுங்கள். நிறத்தைப் பொருத்திப் பார்க்கவும், பிடிமானப் பள்ளங்களின் வடிவத்தை வார்ப்பெடுக்கவும் அவை தேவைப்படும்.

வெளிவளையத்தைப் புதிதாக வார்க்கக் கொடுப்பதாக இருந்தால், குடத்தின் அடியிலிருந்து வெளிவளையத்தின் மேல்மட்டம் வரை உள்ள உயரத்தையும், ஹார்ன் பொத்தான் அமரும் பள்ளத்தின் விட்டத்தையும் ஆழத்தையும் முதலில் அளந்து எழுதுங்கள். வார்ப்புப் பொருள் அந்தப் பள்ளத்தில் சற்றே வழிந்து நின்றாலும் பழைய பொத்தான் உள்ளே போகாது; அழுத்திப் பொருத்த முயன்றால் இவ்வளவு கவனமாக எடுத்த பொத்தான் அப்போது உடையும். சக்கரத்தை மட்டும் அனுப்புங்கள். பொத்தான், சின்னம், ஸ்பிரிங், கம்பியில் கோத்த வாஷர் அடுக்கு எல்லாம் உங்களிடமே இருக்கட்டும்.